இங்கிலாந்தின் பிரஸ்டனிலிருந்து செந்திலுக்கு

அன்புள்ள செந்தில்,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? திங்கட்கிழமை ஒரு நாள்தான் மார்மன் சபை மிஷனரிகளான எங்களுக்குத் துணி துவைக்க, சாமான் வாங்க, முடி வெட்டிக்கொள்ள, வீட்டோடு பேச, கடிதம் எழுத எல்லாவற்றுக்கும். பி-டே (ஆயத்த நாள்) என்போம். அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான், பிறகு வழக்கமான வேலைக்குப் போய்விட வேண்டும். போன வாரம் உன் மெயிலைப் படிக்கத்தான் நேரம் இருந்தது. அதனால் இந்த வாரம் முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

அக்கா கல்யாணம் தை மாதம் என்று முடிவானதில் ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில்தான் வேலை என்றால் அம்மாவுக்கும் நிம்மதி, நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கல்யாணத்துக்கு நான் இருக்க மாட்டேன் என்பதுதான் வருத்தம். இரண்டு வருஷ ஊழியம் முடிகிறவரை ஊர்ப்பக்கம் வர முடியாது என்று தெரிந்துதான் கிளம்பினேன். ஆனாலும் உங்கள் வீட்டில் அக்கா கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன்! அவரிடம் என் சார்பில் நீயே பேசிவிடு.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘கோபித்துக்கொள்ளாதே’ என்றெல்லாம் எதற்கடா, நமக்குள் என்ன இருக்கிறது? முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி உன் மதத்தைப் பேசுவது அவருக்குத் தொந்தரவு இல்லையா, அவருக்கென்று ஒரு நம்பிக்கை இருக்காதா என்று கேட்டிருந்தாய். இங்கே வந்ததிலிருந்து எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிற கேள்விதான் அது. எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் அதிலேயே பாதி இருக்கிறது.

காலை ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், ஓட்ஸ் கஞ்சி. பிறகு தனியாகக் கொஞ்ச நேரம் வேதம் படிப்போம், இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் படிப்போம். பத்து மணி வாக்கில் வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு தெருவில் இறங்கினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா இல்லை, டிவி இல்லை, கிரிக்கெட் இல்லை. முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டோடு போனில் பேசலாம், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019ல்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றினார்கள். அது எங்கள் அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

சம்பளமே கிடையாது என்பதை நீ நம்பவில்லை என்று தெரிகிறது. உண்மைதான். அமெரிக்காவிலிருந்து வருகிற பையன்களின் குடும்பங்கள் மாதம் 500 டாலர் சபைக்குக் கட்டுகின்றன. எங்கள் வீட்டில் அப்பா முடிந்ததைக் கட்டுகிறார், மீதியைச் சபையின் பொது நிதி பார்த்துக்கொள்கிறது. உலகம் முழுக்க 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படித்தான் ஊழியம் செய்கிறார்கள். பெண்களும் நிறைய வருகிறார்கள், அவர்களுக்கு 18 மாதம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது தனிமை இல்லாமல் போனதுதான். எங்களில் யாரும் தனியாகப் போகக்கூடாது. கூட எப்போதும் கம்பேனியன் ஒருவர் இருப்பார். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும் என்பது விதி. தூங்குவதுகூட ஒரே அறையில்தான். யாரோடு யார் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். இப்போது என்னோடு இருப்பவன் அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுகிற வீட்டுப் பையன், 19 வயது. வேகமாக நடப்பான், சத்தமாகப் பேசுவான், பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு மறந்துவிடுவான். ஒரு மாதம் வரை எங்களுக்குள் சரியான பேச்சே இல்லை. அப்புறம் அவன் தாத்தா இறந்துவிட்டதாக ஒரு ராத்திரி செய்தி வந்தது. அவனுக்கு டிராக்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சாவுக்கு ஊருக்குப் போவதில்லை என்று அவனே முடிவெடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பொடியில் ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு நீட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுதும் சாப்பிட்டான். பிறகு தாத்தாவைப் பற்றி நள்ளிரவு வரை பேசினான். மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் தெருவில் நின்றோம். அன்றிலிருந்து அவன் எனக்குத் தம்பி.

தெரு என்றால் சிவப்புச் செங்கல் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிற பழைய நூற்பாலைத் தெரு. கோயம்புத்தூர்க்காரனுக்கு இந்த ஊரைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. இதுவும் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர்தான், ஆலைகள் மூடியபிறகு திகைத்து நின்ற ஊர். மழை எப்போது வரும் என்று கேட்பது வீண், எப்போதும் வரும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. இருட்டில் கதவைத் தட்டினால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்பதால் அந்த மாதங்களில் முன்பே பேசி வைத்த வீடுகளுக்கு மட்டும் போகிறோம்.

பெரும்பாலான கதவுகள் திறப்பதில்லை. திறப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ‘வேண்டாம் தம்பி’ என்று மரியாதையாகவே சொல்லிவிடுகிறார்கள். சிலர் திட்டுவார்கள். இன்னும் சிலர், மழையில் நிற்கிறோமே என்று உள்ளே கூப்பிட்டு முதலில் கேட்பது ‘டீ குடிக்கிறீர்களா?’ எங்களுக்கு டீ, காபி இரண்டுமே கூடாது. இந்த ஊரில் டீயை மறுப்பது, நம் ஊரில் வந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் எழுந்து போவதைப் போல. அதனால் ‘ஸ்குவாஷ் இருந்தால் கொடுங்கள்’ என்று நாங்களே முந்திக்கொண்டு கேட்டு வாங்கிக் குடிக்கிறோம். கொடுத்தவர் முகம் மலர்ந்துவிடும்.

அப்படி உள்ளே கூப்பிட்டவர்களில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி. ஆலையில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது, ஆனால் உதட்டைப் பார்த்தே நாம் பேசுவதைப் புரிந்துகொள்வார். அந்தக் காலத்தில் தறிக்காரப் பெண்கள் எல்லோருக்கும் இது கைவந்த கலையாம். கடவுள் நம்பிக்கை கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வியாழக்கிழமைகளில் அவர் தோட்டத்தில் களை எடுக்கிறோம், குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்து வைக்கிறோம். வேலை முடிந்ததும் பட்டர் பை சூடாக்கித் தருவார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும் போட்ட பை அது. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத கத்தோலிக்கர்களுக்காக இந்தப் பக்கத்தில் வந்த பண்டம். உருளைக்கிழங்கைப் பற்றி என் கம்பேனியனும் அவரும் அரைமணி நேரம் பேசுவார்கள். என் முகம் அவருக்கு நேராகத் தெரிகிற மாதிரி நான் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் தெளிவாக வைத்துப் பேச வேண்டும். யாரிடமும் இவ்வளவு கவனமாக நான் பேசியதே இல்லை.

அந்த வீட்டில் சாமி பேச்சை எடுப்பதில்லை. வேலை செய்துகொடுத்த வீட்டில் அன்றைக்கு மதம் பேசக்கூடாது என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி. நம் ஊரில் மதமாற்றம் என்றாலே வருகிற கோபத்தை நீயும் நானும் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறோம். அந்தக் கோபத்தில் நியாயமான பாதி ஒன்று உண்டு. ஒரு கையில் உதவியும் மறு கையில் வேதமும் நீட்டினால், வாங்குகிறவருக்கு மறுக்கிற உரிமை போய்விடுகிறது. என் கம்பேனியன் ஒத்துக்கொள்ள மாட்டான். ‘நல்லது என்று நாம் நம்புவதைப் பிரியமானவரிடமிருந்து ஏன் ஒளிக்க வேண்டும்?’ என்பான். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எங்களுக்குள் இந்த விவாதம்தான்.

ஆனால் ஆசை காட்டி இழுக்கிறார்கள் என்று எங்களைப் பற்றி யாராவது சொன்னால் நீ நம்பாதே. ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறவரிடம் நாங்கள் சொல்வது என்ன? மது, சிகரெட், டீ, காபி எல்லாவற்றையும் விடுங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுங்கள். மாதம் ஒரு ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள். இதைக் கேட்டபிறகும் ஒருவர் வருகிறார் என்றால் அவர் மனசு கேட்டுத்தான் வருகிறார்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சபை அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி முதலில் வந்தது இந்த ஊருக்குத்தான். 1837 ஜூலையில் ஹீபர் கிம்பல் என்கிற மிஷனரியும் கூட வந்தவர்களும் லிவர்பூலில் இறங்கி, கோச் வண்டியில் பிரஸ்டனுக்கு வந்தார்கள். தேர்தல் நேரம். வண்டியை விட்டு இறங்கும்போது தலைக்கு மேல் ஒரு பதாகை விரிந்ததாம், ‘சத்தியம் வெல்லும்’ என்று. அதே மாதம் 30ஆம் தேதி ரிபிள் ஆற்றில் ஒன்பது பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். இன்றுவரை இடைவிடாமல் நடக்கிற எங்கள் சபைகளில் உலகிலேயே பழையது பிரஸ்டன் சபைதான். நான் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருவது அங்கேதான்.

1933ல் கோர்டன் ஹிங்க்லி என்கிற இளைஞர் இதே ஊருக்கு மிஷனரியாக வந்தார். யாரும் கேட்பதாக இல்லை, உடம்புக்கும் முடியவில்லை. என் நேரமும் உங்கள் பணமும்தான் வீண் என்று அப்பாவுக்கு எழுதினார். உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்று அப்பாவிடமிருந்து பதில் வந்தது. பிற்காலத்தில் அந்த ஹிங்க்லியே உலக சபைக்குத் தலைவரானார். அதற்கு முன்பு, 1960களில், அவர் நம் கோயம்புத்தூருக்கு வந்திருக்கிறார். பால் திருத்துவதாஸ் என்பவரைப் பார்ப்பதற்காக. அவர் வீட்டுக் கதவை எந்த மிஷனரியும் தட்டவில்லை. 1950களில் எங்கள் சபையின் ஒரு சின்னப் பிரசுரம் எப்படியோ அவர் கையில் கிடைத்தது. படித்துவிட்டு அவரே அமெரிக்காவுக்கு எழுதினார். விடாமல் எழுதினார். சபை அவசரப்பட்டு ஓடிவரவில்லை. 1965ல்தான் அவருக்கு ஞானஸ்நானம். எங்கள் குடும்பம் இந்தச் சபையில் இருப்பதற்கே வேர் அங்கே இருக்கிறது.

அதனால் உனக்கு என் பதில் இதுதான். நான் நம்புவதை ஒருவரிடம் ஒருமுறை மரியாதையாகச் சொல்லலாம். இரண்டாவது முறை அவர் கேட்டால்தான். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். அடுத்த தடவை கடைவீதியில் பார்த்தால் அதே சிரிப்போடு வணக்கம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் உங்கப்பா முன்னால் நின்று எதைச் செய்யக் கூசுவேனோ, அதை இங்கேயும் செய்வதில்லை. இதில் எங்கேயாவது தப்பு இருப்பதாக உனக்குத் தோன்றினால் எழுது. யோசித்துப் பார்க்கிறேன்.

புதன்கிழமை மாலைகளில் ஆங்கில வகுப்பு நடத்துகிறோம். சூடான், ஈரான் பக்கத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வது, வீட்டு வாடகைக் கடிதத்தைப் படிப்பது இப்படித்தான் பாடம். நீ பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த முறை இருக்கிறதே, முதலில் விடையைக் காட்டிவிட்டுப் பிறகு வழியைத் தேட விடுவாய், அதையே இங்கே வைத்து ஓட்டுகிறேன். நன்றாக எடுபடுகிறது.

உங்கப்பா முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் கல்யாணத்துக்கு முன்பா, பின்பா என்று நீ எழுதவே இல்லை. நேரம் கிடைக்கும்போது எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார். அப்பா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் என்னிடம் சொல்வார், நீ பார்த்து உள்ளதை உள்ளபடி எழுது. அக்கா கல்யாணப் பத்திரிகையை அடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அந்தத் தறிப்பாட்டியிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன், பட்டுப்புடவை நெசவை அருகில் பார்க்க வேண்டுமாம். முகூர்த்தப் புடவையையும் ஜரிகை தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ஜெபராஜ்