கடைக்கணக்கையும் காட்டுங்கள்: நாச்சஸ் நகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மிசிசிப்பி மாநிலம், நாச்சஸ் நகர மேயர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி தனியாகத் தபாலில் வரும்.

உங்கள் ஊரில் 1932 முதல் வசந்த காலத்தில் பழைய மாளிகைகளைத் திறந்து காட்டுகிறார்கள். சீமாட்டி உடுத்திய பாவாடைவரை கதை சொல்கிறார்கள். அந்தத் துணியை விற்ற கடைக்காரரைப் பற்றியும் நகர சபை கொஞ்சம் பேச வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அந்தக் கடைக்காரர்களில் பலர் யூதர்கள். அவர்களின் நினைவாக சவுத் காமர்ஸ் தெருவில் பினே இஸ்ரேல் ஜெப ஆலயம் நிற்கிறது. 1872இல் எழுந்த முதல் கட்டடம் 1903இல் தீக்கிரையானது. இரண்டே வருடத்தில் இப்போதுள்ளதைக் கட்டிவிட்டார்கள். அப்போது கையில் அவ்வளவு காசு இருந்தது. இன்று அந்த ஆலயச் சபையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே மிச்சம். ஆலயத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறது. ஆனால் பிராங்க்ளின் தெருவிலும் மெயின் தெருவிலும் அவர்கள் வைத்திருந்த கடைகள் உங்கள் பொறுப்பு.

பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையிலுள்ள அல்சாஸிலிருந்தும் ஜெர்மானியப் பகுதிகளிலிருந்தும் வந்த யூதர்களில் பலர் முதலில் முதுகில் மூட்டை சுமந்து விற்றவர்கள். அப்புறம்தான் கடை. ஐசக் லோவன்பர்க் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரில் ஊரைப் பிடித்த வடக்குப் படையோடு, சிப்பாய்களுக்குச் சாமான் விற்க வந்தவர் அவர். வந்த இடத்தில் தெற்கை ஆதரித்த யூத வணிகர் ஜான் மேயர் வீட்டிலேயே பெண் எடுத்தார். 1882இல் உங்கள் மேயர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்!

அதே போரில், 1862 செப்டம்பரில், எசெக்ஸ் என்ற வடக்குப் போர்க்கப்பல் ஊரைக் குண்டுவீசித் தாக்கியது. செத்தது ஒரே ஒரு உயிர்: ரோசலி பீக்மன். ஏழு வயது, கடைக்காரர் மகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போருக்குப் பின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களிடம் நிலமும் இல்லை, ரொக்கமும் இல்லை. விளையப்போகும் பயிரை ஈடாகக் காட்டிக் கடன் வாங்க 1867இல் மிசிசிப்பி சட்டம் வழிசெய்தது. மார்ச் மாதம் குத்தகைக்காரர் கடைக்கு வருவார். மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, ஒரு ஜோடி செருப்பு, ஏர்க்கொழு. எல்லாம் அவர் பெயரில் பற்று எழுதப்படும். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு வேறு விலை. வட்டி அந்த இரண்டாவது விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் பஞ்சு எடைக்கு வரும், கணக்குப் பார்ப்பார்கள், பல வருடங்களில் பாக்கி மறு வருடத்துக்குப் போகும். கடைக்காரரும் நியூ ஆர்லியன்ஸ் மொத்த வியாபாரிகளிடம் கடன் வைத்துத்தான் சரக்கு எடுத்திருப்பார். தோட்ட முதலாளிகளும் இதே வரிசையில் நின்றார்கள்; கடன் தீராமல் தோட்டங்களே வணிகர் கைக்குப் போனதும் உண்டு.

இதைச் சொன்னால் பழைய யூத வெறுப்புக்குத் தீனி போட்டதாகிவிடுமோ என்று தயங்குவீர்கள். நியாயமான தயக்கம். ஆனால் கிறிஸ்தவ வணிகர்களும் அச்சு அசலாக இதையேதான் செய்தார்கள். அவர்கள் கணக்கையும் பக்கத்திலேயே வையுங்கள்.

1908 வாக்கில் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு உங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, வந்து சேர்ந்தது. பஞ்சு இல்லை என்றால் பாக்கி வராது, பாக்கி வராவிட்டால் கடை ஏது? அடுத்த தலைமுறை பெரிய நகரங்களைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

அதனால் இரண்டு காரியம் கேட்கிறேன். கட்டட உரிமையாளர்கள் சம்மதித்தால், பழைய கடைகளின் முகப்பில் சின்னப் பலகை ஒன்று: யார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன விற்றார், எந்த வருடம் மூடினார். அடுத்து, கவுண்டி அலுவலகத்தோடு பேசி, பயிர் அடமானப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கிற மாதிரி போடுங்கள். அந்தப் பக்கங்களில் கடைக்காரர் பெயருக்கு எதிரே கடன் வாங்கியவரின் பெயரும் இருக்கும். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் உங்கள் ஊரில் வாக்காளர்களாக இருக்கலாம். முதல் பதிவேட்டைத் திறக்கும் நாளில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரை மறக்க முடியாத ஒரு வழிப்போக்கன்