வக்கீல் சன்னது இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. மாப்பிள்ளைக்குக் கோவைக்கு மாற்றல் வந்துவிட்டது என்றும், ஜூனிலிருந்து மறுபடி கோர்ட்டுக்குப் போகலாமா என்று நீ யோசிப்பதாகவும் அம்மா சொன்னாள். "எனக்குத் தெரிந்த செக்‌ஷன் நம்பர் ஒன்றுகூட இப்போது செல்லாது" என்று அவளிடம் வருத்தப்பட்டாயாம். வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் வீட்டில் இருக்கும்போது இதை அம்மாவிடமா கேட்பது?

நம்பர் மறந்தது உனக்கு மட்டுமல்ல. 2024 ஜூலை 1ஆம் தேதி மூன்று புதுக் குற்றவியல் சட்டங்களும் அமலுக்கு வந்ததும் நரைத்த சீனியர்கள்கூடப் புதுப் பையன்களோடு சேர்ந்து பாடம் படிக்க உட்கார்ந்தார்கள். கொலைக்கு 302 போய் 103 வந்தது. 420 இப்போது 318க்குள் இருக்கிறது. முன்ஜாமீனுக்கு 438 என்று இருந்தது 482 ஆகிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கேட்கும் பழைய 482, இப்போது 528. வாய்ப்பழக்கத்தில் ஒருவர் 482 என்றால், கட்சிக்காரருக்கு முன்ஜாமீன் கேட்கிறாரா, வழக்கையே ஊதித் தள்ளப் பார்க்கிறாரா என்று எதிரே இருப்பவர் ஒரு நொடி திகைக்கத்தான் செய்வார். சம்பவம் ஜூலை 1க்கு முன்னால் நடந்திருந்தால் அந்தக் குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அப்படிப்பட்ட வழக்குக் கட்டுகள் இன்னும் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. உன் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதே.

நீ படிக்க வேண்டியது வேறு. வாடகை வழக்குகளுக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதியச் சொல்கிறது. காசோலை வழக்கில், வழக்கு முடியும் முன்பே இருபது சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். பாகப்பிரிவினையில் நீ இருந்த காலத்தில் பெரிய தலைவலியாக இருந்த கேள்வி, மகள்களுக்கும் பங்கு தந்த 2005 திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா என்பது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது: பிறப்பிலேயே மகளுக்கு உரிமை, அப்பா அன்றைக்கு இருந்தாக வேண்டியதில்லை. வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாவணமாகக் குறிக்க வேண்டுமென்றால் சாட்சியச் சட்டத்தின் பழைய 65பி இப்போது 63. சான்றிதழில் இரண்டு பகுதி, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இ-ஃபைலிங் பழகு. நான் ஊசியும் நூலும் கொண்டு கட்டுத் தைத்தவன். இப்போது ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். பக்க எண் தவறினாலும் கோர்ட் கட்டணம் குறைந்தாலும் பிராது திரும்பி வருவது மட்டும் மாறவில்லை. இதை எந்த சீனியரும் சொல்லித்தர மாட்டார், அவருக்கே தெரியாது. உன்னைவிடப் பத்து வயது சின்னவர்களிடமும் குமாஸ்தாக்களிடமும் கூச்சப்படாமல் கேள்.

அந்த பாகப்பிரிவினை வழக்கு உனக்கு நினைவிருக்கிறதா? தங்கையின் பங்கை எழுதி வாங்கியதாக அண்ணன் தாக்கல் செய்த விடுதலைப் பத்திரம், அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெரியவர். "நானே அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன்" என்று அடித்துச் சொன்னார். நீ பத்திரத்தை அவர் கையில் கொடுத்தாய். அவர் சட்டைப்பையைத் தடவினார். "கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாதும்மா" என்றார். பதிவு அன்று ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கண்ணாடி கொண்டுபோனீர்களா என்று கேட்டாய். இல்லை என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாய். வேறு யாராக இருந்தாலும் அந்த மகிழ்ச்சியில் இன்னும் நாலு கேள்வி கேட்டுக் காரியத்தைக் கெடுத்திருப்பார்கள். எங்கே நிறுத்துவது என்கிற அந்த அறிவுக்கு இதுவரை எந்தத் திருத்தச் சட்டமும் வரவில்லை.

கோவையில் ஒரு சீனியர், "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதும் உனக்குச் சுருக்கென்றதாமே. கேட்கத்தான் கேட்பார்கள். பிள்ளைகளை வளர்த்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போ. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நீயே உன்னைக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறாய். ஆனால் டைப் அடிக்கவும் தீர்ப்பு தேடவும் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றால் அந்த சீனியரின் அறை வேண்டாம். சம்பளம் குறைந்தாலும் சாட்சி விசாரணை தருகிற இடமாகப் பார். சம்பளத்துக்கும் உத்தரவு இருக்கிறது: ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா அறைகளிலும் தருகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்பதில் தவறில்லை.

இலவச சட்ட உதவிக் குழுவிலும் பெயர் கொடு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே வக்கீல் வைத்துத் தருகிறார்கள். ஜீவனாம்ச வழக்கு நிறைய வரும். பணம் பெரிதாகக் கிடைக்காது, ஆனால் கட்டு முழுக்க உன் பொறுப்பு.

சாயங்காலம்தான் சிக்கல். கட்சிக்காரர்கள் வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் அறைக்கு வருவார்கள். நல்ல பெண் வக்கீல்கள் பலர் கோர்ட்டில் தோற்று விலகவில்லை, அந்த ஆறு மணியால்தான் விலகினார்கள். வாரத்தில் எந்தெந்த நாள் வர முடியும் என்பதை முதல் நாளே சீனியரிடம் சொல்லிவிடு. மற்ற நாட்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை மாப்பிள்ளையிடம் நீயே பேச வேண்டும். அதில் எனக்கு வக்காலத்துக் கொடுக்காதே.

சம்பள வேலை எதற்கும் போகாததால் நீ சன்னதை நிறுத்திவைக்க எழுதிக் கொடுக்கவில்லை; உன் பெயர் பார் கவுன்சில் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பு பாக்கி இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து முடித்துவிடு. மே மாதம் சிவில் கோர்ட் விடுமுறை, அதற்குள் இதெல்லாம் முடியும். சன்னதின் நகல் ஒன்று எனக்கு அனுப்பு. அசலை யார் சொன்னாலும் லேமினேட் செய்யக் கொடுக்காதே.

அம்மா தனியாக எழுதுவாள்.

அன்புடன்,
அப்பா