மூன்றாம் வகுப்பில் ஒரு பருவம்

மன்னார்குடி,
காலாண்டு விடுமுறை, ஞாயிறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. சம்பந்தியம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ஊரெல்லாம் குறுவை அறுப்பு. மழை பிடித்துக்கொள்வதற்குள் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையில் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், ஒன்று அமையும்போல இருக்கிறது. அமைந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

பேத்தி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், புத்தகத்தைப் புரட்டினால் எனக்கே மலைப்பாக இருக்கிறது, ஒரு பருவத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். பயிற்சிப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நீ. வங்கி வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய்.

நம் காலத்தில் ஆண்டு முழுவதற்கும் ஒரே புத்தகம். 2012-13 இல் முப்பருவ முறை வந்தது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒன்று, டிசம்பர் வரை இரண்டாவது, ஏப்ரல் வரை மூன்றாவது. பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடலாம். வகுப்பில் செய்யும் செயல்பாடு, சின்னச் சின்னத் தேர்வுகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். வளரறி, தொகுத்தறி என்று பெயர். முதுகுச் சுமை குறைந்ததற்காகவே இந்த முறையை நான் மனதார வரவேற்கிறேன்.

ஒன்றிலும் இரண்டிலும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் இரண்டாகப் பிரிந்து அறிவியல், சமூக அறிவியல் என்று தனித்தனியாக நிற்கும். உனக்கு மலைப்பு வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கும் அங்கேதான் மூச்சு முட்டுகிறது. போன வருஷம் வரை படமும் பாட்டுமாக இருந்த பக்கங்களில் திடீரென்று பத்தி பத்தியாக எழுத்து வந்துவிடுகிறது. அதனால் பாடம் ஐந்து என்று கால அட்டவணை சொன்னாலும், மூன்றாம் வகுப்பின் முதல் பருவத்தில் பிள்ளை உண்மையில் கற்க வேண்டியது வாசிப்பு ஒன்றைத்தான் என்பேன். அது வராத பிள்ளைக்கு மற்ற நான்கும் வராது.

கணக்கையே எடுத்துக்கொள். என் வகுப்பில் ஒரு பையன், அவன் அப்பா கடைத்தெருவில் காய்கறி வியாபாரம். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினால் மீதிச் சில்லறையை விரலை மடக்காமலே சொல்வான். அவன் நோட்டில் ஒரு கணக்கு: “ராணியிடம் 12 கொய்யாப்பழங்கள் இருந்தன. தங்கைக்கு 5 பழங்கள் கொடுத்தாள். மீதி எத்தனை?” பன்னிரண்டையும் ஐந்தையும் கூட்டி 17 என்று எழுதி வைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் “ஏழு டீச்சர்!” என்றான். அவனுக்குக் கழித்தல் நன்றாகவே தெரியும். அந்த மூன்று வரியைத்தான் படிக்க முடியவில்லை. கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் எடுத்துக் கூட்டிவிட்டான். வாத்தியார் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் அது கணக்கு வராத பிள்ளை என்று பதிவாகிவிடும். எனக்கு அது தாங்காது.

எண்ணை எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றிலக்க எண் வரும்போது ‘நூற்று ஐந்து’ என்று சொன்னால் பாதிப் பேர் 1005 என்று எழுதுவார்கள். நூறைக் காதில் கேட்டதும் 100 எழுதிவிட்டு, அப்புறம் ஐந்தைக் கேட்டு 5. பிள்ளை நினைப்பதில் நியாயம் இருக்கிறது, பார். திட்டினால் சரியாகாது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாக்கி, மேலே ஐந்து உதிரிக் குச்சி வைத்து, “பத்துக் கட்டு தனியாக ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். “இல்லை” என்று பிள்ளையே சொல்லி, அந்த இல்லாத இடத்தில் 0 போடும்போதுதான் இட மதிப்பு விளங்குகிறது. இதற்கு இரண்டு வாரம் போனாலும் பரவாயில்லை, அவசரப்பட மாட்டேன். கடன் வாங்கிக் கழிப்பதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அறிவியலில் திடம், திரவம், வாயு நடத்தினேன். கல், தண்ணீர், ஊதிய பலூன் என்று சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் எழுந்து, “மணலும் ஊத்துனா ஊத்துது, நெல்லும் மூட்டையிலிருந்து கொட்டுது, அப்ப அது திரவமா டீச்சர்?” என்று கேட்டாள். அன்றைக்குப் பாடம் அங்கேயே நின்றுவிட்டது. ஆளுக்கொரு நெல்மணியைக் கொடுத்து தம்ளர், தட்டு, உள்ளங்கை என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். எங்கே போட்டாலும் மணியின் வடிவம் மாறவில்லை. தண்ணீர் தட்டில் பரவியது, தம்ளரில் உயர்ந்தது. வேறுபாட்டை அவர்களே சொன்னார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிப்பது தடுமாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சில் இவ்வளவு கூர்மையான பிள்ளை, எழுத்துத் தேர்வில் பின்னால் போய்விடுகிறாள்.

சமூக அறிவியலில் திசைகளைக் காலை வெயிலில் நிற்க வைத்தே முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் இன்னும் b, d சின்ன எழுத்துகள் திரும்பித் திரும்பி விழுகின்றன. அது போகப் போகச் சரியாகும்.

தமிழில் பெரிய தடை கொம்புதான். ‘கெ’ என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க. ஆனால் ஒலி வருவது க-வுக்குப் பிறகு. கண் ஒரு வரிசையிலும் காது இன்னொரு வரிசையிலும் போகிறது. ‘கொ’ வந்தால் இரண்டு பக்கமும் குறி. நமக்கு ஐம்பது வருஷப் பழக்கம், தெரியவில்லை. எட்டு வயதுக்கு அது பெரிய வேலை.

கொரோனாவில் 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்தப் பிள்ளைகள் எழுத்தே தெரியாமல் மேல் வகுப்பில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன். அதன் பிறகு 2022 இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் எழுத்து வரவில்லை என்றால் அது அரும்பிலேயே தொடங்கலாம், யாரும் அவமானப்படுத்த முடியாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் வேலை கொஞ்சம் கூடுதல்தான், அந்த நேரத்தைப் பிள்ளைகளிடம் செலவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்தபின் ஒன்பது மணிக்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். வயிறு நிறைந்த பிள்ளை முதல் பாடவேளையில் சோர்ந்து சாய்வதில்லை, கண்கூடாகப் பார்க்கிறேன்.

சரி, பேத்திக்கு நீ செய்ய வேண்டியது: டியூஷன் வேண்டாம். ராத்திரி அவள் அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு என்ன படித்தாய் என்று கதைபோலக் கேள். தடுமாறினால் நீ ஒரு வரி, அவள் ஒரு வரி. அரசுப் பள்ளிகளில் நடக்கும் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் கிடைத்தால் வாங்கிக் கொடு. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி உண்டு, ‘நட’வில் தொடங்கலாம். ஒன்றிரண்டு நாளிலேயே படித்து முடித்துவிட்டால் ‘ஓடு’வுக்குப் போ.

எங்கள் பள்ளிக்கு நான்கு, ஐந்தாம் வகுப்புக்காக வரும் ‘ஊஞ்சல்’ இதழை என் மூன்றாம் வகுப்புதான் முதலில் பிடுங்கிக்கொள்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிறுவர் இதழ்கள் இருக்கும் என்று முன்பு சொன்னாயே, பொங்கலுக்கு வரும்போது அள்ளிக்கொண்டு வா. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சாந்தா