கொடைக்கானல் ஒற்றையடிப் பாதைகளுக்கு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறுவது ஏரிச் சாலை நெரிசலும் இ-பாஸும்தான். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் நடைமுறைக்கு வந்த இ-பாஸ், மலைக்கு வரும் வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. வண்டியை விட்டு இறங்கியவர்கள் நடந்து போகும் பாதைகளின் நிலை பற்றிப் பேச்சே எழுவதில்லை. காட்சி முனைகளில் கம்பி வேலி போடவும் வண்ணம் பூசவும் பணம் கிடைக்கிறது. அந்த முனைக்குப் போகும் மண் பாதை ஆண்டுக்கு ஆண்டு ஆழமாக அறுபட்டுக்கொண்டே போகிறது. இந்தப் பாதைகளை ஆண்டு முழுவதும் பராமரிப்பதையே வேலையாகக் கொண்ட, லாப நோக்கில்லாத உள்ளூர் அமைப்பு ஒன்று அவசியம் என்பதை வலியுறுத்தவே இக்கடிதம்.

வட்டக்கானலில் தொடங்கி டால்பின் நோஸ் பாறை, வெள்ளகவி கிராமம் வழியாக மலையடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையை எடுத்துக்கொள்வோம். 1,500 மீட்டருக்கும் அதிகமான இறக்கம். சுற்றுலா வருபவர்களுக்கு அது மலையேற்றம். தலைமுறைகளாகச் சாலையில்லாமல் வாழ்ந்த வெள்ளகவி மக்களுக்கோ அரிசியும் பருப்பும் குதிரை முதுகில் வரும் வழி. ஆகவே இந்தப் பாதையைச் செப்பனிடுவதைப் பொழுதுபோக்குக்கான செலவு என்று ஒதுக்கிவிட முடியாது.

பாதை கெடுவதற்குக் கூட்டம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கால்கள் புல்லைத் தேய்த்து மண்ணை வெறுமையாக்கும், அதோடு சரி. அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போவது மழைத் தண்ணீர். நடு அழுந்திப் பள்ளமாகும்போது பள்ளத்தாக்குப் பக்க ஓரத்தில் மண் ஒதுங்கி வரப்பு போல எழும்பிவிடும். பிறகு தண்ணீர் வெளியே வழிய முடியாமல் பாதையின் நீளத்துக்கே ஓடும். ஒரு ஐப்பசி மழையில் கணுக்கால் ஆழத்துக்கு அறுத்தால் அடுத்த ஐப்பசியில் முழங்கால் ஆழம். பள்ளத்தில் நடக்க முடியாதவர் ஓரத்துப் புல்லில் ஏறி நடப்பார், அங்கே இரண்டாவது தடம் விழும். புல்வெளிகளில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று நான்கு தடங்கள் ஓடுவது இப்படித்தான்.

இதற்கான மருந்து எளியது, ஆனால் கைவேலை அதிகம். ஓரத்து வரப்பை மம்பட்டியால் சீவி எடுக்க வேண்டும். பாதையின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும்; ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு 5 செ.மீ. தாழ்வு போதும். அதற்கு மேல் சாய்த்தால் ஈரத்தில் கால் வழுக்கும். பாதையின் ஏற்றம், அது போகும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடு இறங்கும். சராசரியாக 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பது மண் தாங்கும் அளவு. அந்த அளவு ஏற்றத்தில் 15 முதல் 20 மீட்டருக்கு ஓரிடத்தில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஏற்றம் கூடினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

வெளியேற்றுவதற்குச் சிறந்த முறை, பாதையையே 3 முதல் 5 மீட்டர் நீளத்துக்கு மெல்லத் தாழ்த்தி மறுபடி உயர்த்துவது. நடப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, தண்ணீர் மட்டும் தாழ்வில் திரும்பி வெளியே போய்விடும். இடம் போதாத செங்குத்துப் பகுதியில் குறுக்குக் கல் பதிக்கலாம். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். கல்லைப் பாதைக்கு நேர் குறுக்காக வைத்தால் மண் தேங்கி நிரம்பி, அடுத்த மழையில் தண்ணீர் கல்லைத் தாண்டிக் குதித்துக் கீழே குழி பறிக்கும். கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்த்து வைத்தால்தான் ஓடும் தண்ணீரே மண்ணையும் தள்ளிக்கொண்டு போகும். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் வெளிவாய், மம்பட்டி அகலத்தைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு சருகு சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும்.

படிகளுக்குச் சிமென்ட் வேண்டாம். சிமென்ட் படியின் அடியில் தண்ணீர் புகுந்து மண்ணை அரித்துவிட்டால் படி அந்தரத்தில் நின்று, ஒருநாள் மொத்தமாக உடையும். ஒரு கல்லின் முன்விளிம்பு கீழ்க்கல்லின் பின்பகுதி மேல் உட்காரும்படி கனமான கற்களை அடுக்கி, பின்னால் உடைகல் திணிப்பதே நிலைக்கும். உயரம் 15 செ.மீ.க்குள் இருக்கட்டும். 25 செ.மீ. உயரத்துக்குப் படி கட்டினால் முட்டி வலிக்குப் பயந்து எல்லோரும் படிக்குப் பக்கத்தில் நடப்பார்கள், படி நிற்கும், பக்கம் அறுபடும். வெள்ளகவிப் பாதையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுமை ஏற்றிய குதிரைக்கு நெருக்கமான குட்டிப் படிகள் ஆபத்து. அங்கே படிக்குப் படி ஒரு மீட்டருக்குக் குறையாத சமதளம் விட வேண்டும்.

செடி வெட்டுவதிலும் முறை உண்டு. தரையோடு தரையாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டி விட்ட கட்டை, வழுக்கி விழுபவரைக் குத்திக் கிழிக்கும். சீகை (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்) மரங்கள் உள்ள பகுதியில் தேவைக்கு மேல் மண்ணைக் கிளறக் கூடாது. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து, கிளறிய இடத்தில் கூட்டமாக முளைக்கும். சோலைக் காட்டுக்குள் வேரின் மேல் மண் கொட்டி மூடக் கூடாது.

காலமும் முக்கியம். செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், எல்லா வெளிவாய்களையும் தூர்வாரிவிட வேண்டும். மழை பெய்யும்போதே குடையோடு ஒருவர் பாதை முழுக்க நடந்து, தண்ணீர் தேங்கும், திரும்பும் இடங்களில் குச்சி நட்டு வர வேண்டும். வெயிலில் எவ்வளவு அனுபவசாலியும் இதைச் சரியாகக் கணிக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் மண் ஈரமாக இருக்கும்போது கல் வேலை. பிப்ரவரி நடுவிலிருந்து தீக் காலம், அப்போது மலையேற்றத்துக்குப் பாதையை மூடத்தான் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு இதில் விவாதத்துக்கே இடமில்லை. காலையில் யார் எந்தப் பாதையில் ஏறினார்கள், மாலையில் யார் இறங்கவில்லை என்ற பதிவேட்டை வைத்திருப்பதும் அந்த அமைப்பின் வேலையாக வேண்டும்.

அமைப்பு தொடங்குவது கடினமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். கடினமானது அனுமதி. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டில் ஒரு கிளையை வெட்டவும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. புதுப் பாதை வெட்டமாட்டோம், இருப்பதை மட்டும் செப்பனிடுவோம் என்று விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. வனத்துறையின் அச்சம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான், அது நியாயமான அச்சமும்கூட.

தன்னார்வலர்களை மட்டும் நம்பியும் இது நடக்காது. வார இறுதியில் வருபவர்கள் குப்பை பொறுக்கவும் தூர்வாரவும் உதவுவார்கள். கல் அடுக்கத் தெரிந்தவர்கள் வெள்ளகவியிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முழுக் கூலி கொடுத்து வேலை வாங்க வேண்டும்; அவர்கள் ஊர்ப் பாதையில் அவர்களிடமே இலவச உழைப்பு கேட்பது முறையல்ல. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை சுமார் 3,500 கி.மீ. நீளம். 1925-இல் தொடங்கிய அமைப்பு ஒன்றின் கீழ் உள்ளூர் சங்கங்கள் ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்றுப் பராமரிக்கின்றன. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். பாதைக்கு ஒரு பொறுப்பாளர், இரண்டு மம்பட்டி, இரண்டு கடப்பாரை, ஒரு பிக்காசு, நான்கு சட்டி, இரண்டு அரிவாள், முதலுதவிப் பெட்டி, கூலிக்குப் பணம். இது இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

பணத்துக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. மலைக்கு ஏறும் வாகனங்களிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. தூண் பாறை, குணா குகை, பைன் காடு ஆகிய இடங்களில் வனத்துறை கட்டணம் வாங்குகிறது. இந்த வசூலில் ஒரு சிறு பங்கைப் பாதைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் வைத்து, வரவு செலவை ஆண்டுதோறும் நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நகராட்சி, வனத்துறை, வெள்ளகவி ஊராட்சி மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வட்டக்கானல்–வெள்ளகவிப் பகுதியை மட்டுமாவது வரும் செப்டம்பருக்கு முன் ஒரு உள்ளூர் அமைப்பின் பொறுப்பில் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலைப்பாதைப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள தன்னார்வலர்கள்,
கொடைக்கானல்.