காலி பாஸ்வேர்டு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து, இப்போது கோயில் வரை யார் துணையும் இல்லாமல் நடந்து போய் வருகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். வீட்டில் இப்போதுதான் டிவி சத்தம் கேட்கிறது.

உங்கள் ஊழியர்கள் லீவ் கேட்கும் சாஃப்ட்வேரை, கம்பெனியில் எல்லோருடைய கணக்கும் பாஸ்வேர்டும் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்கும் வேலை உனக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை, விட்டுவிடாதே. ஒருவர் ராஜினாமா செய்தால் ஒரே இடத்தில் கணக்கை முடக்கினால் போதும், அடுத்த லாகின் எங்கேயும் நடக்காது. ஆனால் நான் பட்ட ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

என் பழைய கம்பெனியில் இதையே செய்தேன். அப்ளிகேஷனுக்கென்றே உள்ள ஒரு சர்வீஸ் அக்கவுண்டை வைத்து டைரக்டரியில் யூசர்நேமைத் தேடுவது, டைரக்டரியில் அவருக்குள்ள முழுப் பெயரோடு அவர் அடித்த பாஸ்வேர்டைச் சேர்த்து டைரக்டரிக்கு 'பைண்ட்', அதாவது இவரைச் சரிபார் என்ற கோரிக்கை, அனுப்புவது, வெற்றி என்று பதில் வந்தால் உள்ளே விடுவது. எல்லோரும் செய்வதுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டெஸ்டிங் செய்த பெண் மேனேஜரின் யூசர்நேமை அடித்துவிட்டு, பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டு என்டரைத் தட்டினாள். மேனேஜரின் பக்கம் அப்படியே திறந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் எங்கள் புரோகிராமையே துருவினோம். நடந்ததைப் பதிந்து வைக்கும் லாகில் பார்த்தால், டைரக்டரியே வெற்றி என்றுதான் சொல்லியிருந்தது.

டைரக்டரியோடு பேசும் விதிமுறையான எல்டாப் இதற்கு இடம் கொடுக்கிறது. பெயரைக் கொடுத்து பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், ஆக்டிவ் டைரக்டரி அதை அடையாளம் சரிபார்க்காத பைண்ட் என்று எடுத்துக்கொண்டு, பெயரில்லாதவராக உள்ளே விட்டு வெற்றி என்று சொல்லிவிடும். எல்டாப் பற்றி 2006இல் வந்த ஆர்எஃப்சி 4513 என்ற விதி ஆவணம் இந்த ஆபத்தை எழுதியே வைத்திருக்கிறது: காலி பாஸ்வேர்டை அப்ளிகேஷனே ஏற்கக் கூடாது என்று. நான் படிக்கவில்லை. விண்டோஸ் சர்வர் 2019 முதல் டைரக்டரி பக்கமே இதைத் தடுக்க ஒரு செட்டிங் உண்டு, அதையும் கேட்டுப் பார். இருந்தாலும் காலி பாஸ்வேர்டை மறுக்கும் அந்த ஒரு வரி உன் புரோகிராமில் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம், யூசர்நேமை அப்படியே தேடல் ஃபில்டரில், அதாவது டைரக்டரியில் யாரைத் தேட வேண்டும் என்று சொல்லும் நிபந்தனையில், ஒட்டிவிடாதே. நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி, பின்சாய்கோடு எல்லாவற்றையும் எஸ்கேப் செய், அதாவது வெறும் எழுத்தாக மட்டும் படிக்கும்படி மாற்று. ஒரு நட்சத்திரத்தை மட்டும் அடித்தாலே எல்லோரும் வந்து நிற்பார்கள். தேடலில் சரியாக ஒரே ஒருவர் கிடைத்தால் மட்டும் மேலே போ. போர்ட் 389ஐ வெறுமனே பயன்படுத்தினால் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் மறைக்கப்படாமல் பச்சையாகப் போகும். எல்லாம் மறைகுறியாகப் போகும் 636ஆம் போர்ட்டைப் பயன்படுத்து, அந்த சர்வர் உண்மையானதுதானா என்று பார்க்கும் சர்டிபிகேட் சரிபார்ப்பை யார் சொன்னாலும் அணைக்காதே.

லாகின் தோற்றால் பிழை எண் 49தான் வரும். அதோடு வரும் உள்குறியீட்டைப் பார்: 52e என்றால் பாஸ்வேர்டு தப்பு, 533 என்றால் கணக்கு முடக்கப்பட்டது, 775 என்றால் பூட்டிக்கொண்டது. இதை லாகில் மட்டும் எழுது. திரையில் எல்லாவற்றுக்கும் ஒரே செய்தி போதும்.

ஒரு குரூப்புக்குள் இன்னொரு குரூப் இருந்தால் தெரியவில்லை என்று கேட்டிருந்தாய். ஒருவர் எந்த குரூப்பில் இருக்கிறார் என்று சொல்லும் மெம்பர்ஆஃப் என்ற புலம் நேரடி குரூப்பை மட்டும்தான் காட்டும். ஃபில்டரில் 1.2.840.113556.1.4.1941 என்ற விதியைச் சேர்த்தால் உள்ளே உள்ளே தேடிக்கொண்டு போகும். பெரிய டைரக்டரியில் கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வருகிறாயா? அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று நம் வீட்டிலேயே தங்கிக்கொள். லேப்டாப்பையும் எடுத்து வா, காலி பாஸ்வேர்டை நானே அடித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சுமதி