ஹெர்த்தாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் பற்றிய கட்டுரை படித்தேன். ‘ஸ்பிரிங் ஸ்டார்ம்’ நாடகத்துக்கு நான்கே வரி. மாணவப் பருவத்துக் காதல் கதை என்று சொல்லிக் கட்டுரையாளர் தாண்டிப் போய்விட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருஷம் நூலகராக இருந்தவள் நான். அந்த நாடகத்திலும் ஒரு நூலகர் இருக்கிறாள். அவள் பெயரைக்கூடக் கட்டுரையில் காணோம்.

வில்லியம்ஸ் அயோவா பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தபோது, 1937-38இல், எழுதியது அது. வகுப்பில் படித்துக் காட்டினார், பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. புத்தகமாக வந்தது 1999இல்தான். அதற்குள் அவர் இறந்தே பதினாறு வருஷம் ஆகியிருந்தது. லண்டன் நேஷனல் தியேட்டரில் 2010இல் மேடையேறிய பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கதை மிசிசிப்பிக் கரையோரச் சிற்றூரில் நடக்கிறது. நாயகி ஹெவன்லிக்குக் காதலர் இரண்டு பேர். ஊர்விட்டு ஊர் போகத் துடிக்கும் டிக், பணக்கார வீட்டுப் பிள்ளை ஆர்தர். அம்மா எஸ்மரால்டாவுக்குக் குடும்பப் பெருமைதான் உயிர். அவள் பேசப் பேச, இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களின் குரல்தான் என் காதில் விழுந்தது. எல்லாருடைய பாட்டன் பாட்டியும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறி வந்தவர்கள்தான். ஆனாலும் எந்த ஊர், என்ன குலம் என்று குடைவதில் குறைவில்லை! கல்யாணமாகாமல் முன்வராந்தாவில் உட்கார்ந்தே கிழவியாகிவிடுவோமோ என்று ஹெவன்லி பயப்படுகிறாள். அந்த வராந்தா எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு உண்டு.

ஹெர்த்தா நீல்சன்தான் அந்த நூலகர். வசதியில்லாதவள், நிறையப் படித்தவள், குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவள். ஆர்தரிடம் புத்தகம் பற்றிப் பேச அந்த ஊரில் அவளை விட்டால் ஆளில்லை. ஓர் இரவு அவன் குடித்துவிட்டு நூலகத்துக்குள் வந்து அவளை முத்தமிடுகிறான். அவள் அதை நம்பி, இத்தனை நாள் அடக்கி வைத்ததைச் சொல்லிவிடுகிறாள். அவன் முகம் மாறி ஓடிவிடுகிறான். அவள் ரயிலில் விழுந்து சாகிறாள்.

அந்த ரயில் எனக்கும் பிடிக்கவில்லை. இளவயது எழுத்தாளர்களுக்கு ரயில் என்றால் ஒரு மோகம் போலும். ஆனால் அதற்கு முந்தைய நூலகக் காட்சி பயிற்சிக் கைக்கு வருவதல்ல. மேசைக்குப் பின்னால் இருப்பவளிடம் எல்லாரும் புத்தகம் கேட்பார்கள், வழி கேட்பார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. 26 வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரிந்தது?

வில்லியம்ஸின் புகழ்பெற்ற நாடகங்களில் பின்னால் வந்த பிளான்ச்சுக்கும் (‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’) லாராவுக்கும் (‘தி கிளாஸ் மெனாஜெரி’) இவள் ஒத்திகை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. ஹெர்த்தா யாருக்கும் ஒத்திகை இல்லை.

புத்தகம் வெளிவந்ததும் எங்கள் நூலகத்துக்கு வரவழைத்தேன். நான் ஓய்வு பெற்ற நாளில் எடுத்துப் பார்த்தபோது, ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் மூன்று முத்திரைகள். அவற்றில் இரண்டு எனக்காக நானே குத்தியவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.