கொடிகாமத்தோடு நின்றுபோன யாழ்ப்பாணம் டிக்கெட்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
10.03.2025

முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: மார்ச் 7 வெள்ளி இரவு, கொழும்பு வெள்ளவத்தை – யாழ்ப்பாணம் பஸ், ஆசனம் 23

வணக்கம். இந்தப் பயணத்துக்கு உங்களிடம் 3,100 ரூபாய் கட்டினேன். விடியற்காலை நாலேகால் மணிக்கு, பெட்டியும் கையுமாகக் கொடிகாமம் சந்தியில் நின்றேன். அங்கிருந்து யாழ்ப்பாணம் 20 கிலோமீட்டருக்கும் மேல். உங்கள் பஸ் வலப்பக்கம் திரும்பி, பருத்தித்துறை வீதியில் போய் மறைந்தது.

நான் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரி. வேலைக்காக வந்து நாலு மாதமாக இங்குள்ள திருநெல்வேலியில் குடியிருக்கிறேன். (ஃபோனில் டிக்கெட் பதிந்தபோது ஊரைக் கேட்டுவிட்டு உங்கள் அலுவலகப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்கு வருத்தமில்லை. இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள்.) அன்று அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "யாழ்ப்பாணம் போற பஸ்தானே?" "ஓம், யாழ்ப்பாணம்தான்" என்றார். பஸ்ஸின் நெற்றியிலும் 87 என்ற எண்ணும் யாழ்ப்பாணம் என்ற பெயரும்தான் இருந்தன.

கொடிகாமத்தில் உங்கள் நடத்துநர் தம்பி என்னை எழுப்பினார். "அக்கா, ரவுணுக்கு எண்டா இதில இறங்குங்கோ. பஸ் இனிப் பருத்தித்துறைக்கு."

"டிக்கெட்ல யாழ்ப்பாணம்னு போட்டிருக்கே?"

"பருத்தித்துறையும் யாழ்ப்பாணம்தானே அக்கா. எல்லாருக்கும் தெரியும்."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. பருத்தித்துறை யாழ்ப்பாண மாவட்டத்தில்தான் இருக்கிறது. கொழும்பில் நின்று பேசும்போது குடாநாடு முழுவதும் யாழ்ப்பாணம். குடாநாட்டுக்குள் வந்துவிட்டால் நகரத்துக்குப் பெயர் ரவுண். "ரவுணுக்குப் போகுமோ?" என்று நான் கேட்டிருக்க வேண்டுமாம். இதை எனக்கு விளக்கியது கொடிகாமத்து ஆட்டோக்காரர். விளக்கத்தோடு சேர்த்து 3,000 ரூபாய் வாங்கினார். அந்த நேரத்தில் அவர் கேட்டது நியாயமோ அநியாயமோ, அந்த இருட்டில் எனக்குக் கிடைத்தது அவர் ஒருவர்தான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். வெள்ளவத்தையில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அதே தம்பி அவர்களிடம் குனிந்து, கைபேசியில் வரைபடத்தைக் காட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ பொறுமையாகச் சொன்னார். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற உங்களுடைய இன்னொரு பஸ்ஸுக்குப் போனார்கள். 'பாவம், பஸ் மாறி ஏறிட்டாங்க போல' என்று நினைத்துக்கொண்டு நான் கால் நீட்டித் தூங்கினேன். ரவுணுக்குப் போகிற பஸ் அதுதான் என்று எனக்கு இப்போது தெரியும். அவர்களைப் பார்த்ததும் வெளியூர் என்று தெரிந்துவிட்டது. நான் தமிழ் பேசியதால் எனக்கும் எல்லாம் தெரியும் என்று முடிவுகட்டிவிட்டீர்கள்.

இந்த ஊர் பஸ்கள் மேலேயே குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். தினமும் கல்வியங்காட்டில் 750 எண் பஸ் ஏறித்தான் கோப்பாய்க்கு வேலைக்குப் போகிறேன். நிற்கிறவளின் பையை உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு அம்மா கேட்காமலே மடியில் வாங்கிக்கொள்வார். முதல் நாள் "கோப்பாய்" என்றதும் அந்த நடத்துநர் "கோப்பாயில எங்க இறக்கம்?" என்று கேட்டார். டிக்கெட் சில்லறைக் காசுதான், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டார். 3,100 ரூபாய் வாங்கிய நீங்கள் கேட்கவில்லை.

சனிக்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். "அது வழமைதான் அக்கா" என்ற பதிலோடு பேச்சு முடிந்தது. வழமை என்றால் அதை டிக்கெட்டில் அச்சடிப்பதில் என்ன சிரமம்? 'கொடிகாமம் ஊடாகப் பருத்தித்துறை' என்று ஒரு வரி போதும். பதிவு செய்யும்போதே "ரவுணா, வடமராட்சியா?" (பருத்தித்துறைப் பக்கத்துக்கு அதுதானே பெயர்) என்று கேட்க உங்கள் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கும் தமிழ் தெரியும், ரவுண் எது என்று தெரியாது. அவர்களையும் இப்படித்தான் சந்தியில் இறக்கிவிடுவீர்களா?

ஆட்டோவுக்குக் கொடுத்த 3,000 ரூபாயை நீங்கள் திருப்பித் தர வேண்டும். பஸ் கட்டணத்தை நான் கேட்கவில்லை. கொடிகாமம் வரை நன்றாகத்தான் ஓட்டினார்கள், குளிரூட்டியும் வேலை செய்தது. 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 எண்ணுக்கு அழைத்து முறையிடுவேன்.

டிக்கெட்டின் நகலையும், ஆட்டோக்காரர் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த துண்டையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆசனம் 23 பயணி